பதினொண்ணு பத்து

— என் பேனா எங்க வச்ச?

— உங்க பேனாவை நான் ஏன் தொடப்போறேன்? சட்டைப் பையில பாருங்க.

— பாத்துட்டேன். இல்ல.

— அப்ப நல்லதாப் போச்சு. அந்த மெமோ பாதியிலயே நிக்கட்டும், மேல எழுதாதீங்க.

— எழுதாம? ஆபீஸ் திறந்ததும் மேசை மேல இருக்கணும்னு மேனேஜர் சொல்லிட்டார். ஹெட் கிளார்க்னா அதுக்குத்தானே?

— அந்த டைப்பிஸ்ட் பொண்ணுக்கு ஏழு மாசம். காலு ரெண்டும் தலகாணி மாதிரி வீங்கியிருக்குன்னு நீங்கதானே சொன்னீங்க?

— சொன்னேன். அதுக்கு?

— அவளைப் போய், எழுந்து நிக்கலைன்னு...

— மூணு நாளா நிக்கலைம்மா. பதினாலு பேரும் நிக்கிறோம், அவ மட்டும் மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கா. கேட்டா, "ஏன்னு சொல்லுங்க சார், நிக்கிறேன்"ங்கிறா.

— நியாயமாத்தானே கேட்டிருக்கா? சொல்ல வேண்டியதுதானே?

— தினம் பதினொண்ணு பத்துக்கு ஒரு நிமிஷம் எழுந்து நிக்கிறது எங்க ஆபீஸ் வழக்கம்.

— அதான் ஏன்?

— என் குடை எங்க?

— சுவத்துக்கிட்டயா கேக்கிறேன்?

— கேஷியர் ஒரு காரணம் சொல்றார். ஆபீஸை ஆரம்பிச்சவர் அந்த நேரத்துலதான் கண்ணை மூடினாராம்.

— ஐயோ பாவம்.

— என்ன பாவம்? அவர் நல்லா இருக்கார். போன வாரம்கூட போன் பண்ணி, பேரனுக்கு வேலை இருக்கான்னு கேட்டார்.

— சிரிக்க வைக்காதீங்க. கையில டிபன் பாக்ஸ் இருக்கு.

— ஸ்டோர்காரர் ரத்த ஓட்டத்துக்குங்கிறார். வாட்ச்மேன், நிலநடுக்கத்துக்கு ஒத்திகைங்கிறார்.

— நிலம் நடுங்கினா ஓடுவாங்களா, எழுந்து நிப்பாங்களா?

— அதை நீ அவர்கிட்டயே கேளு.

— மேனேஜர் என்ன சொல்றார்?

— அவர் மாத்தலாகி வந்தே நாலு வருஷம்தான் ஆகுது. வந்த அன்னிக்கு எல்லாரும் நின்னதைப் பாத்து அவரும் நின்னார். இப்ப அவர்தான் முதல் ஆளா எழுந்துக்கிறார். சட்டையை வேற இழுத்து விட்டுக்கிறார்.

— மெமோ போனா அந்தப் பொண்ணுக்கு என்ன ஆகும்?

— வேலை நிரந்தரம் ஆகாது. அடுத்த மாசத்தோட வீட்டுக்குப் போகணும்.

— புருஷனுக்கும் வேலை இல்லேன்னீங்க...

— ஆமா.

— வயித்துல புள்ளையோட எங்கங்க போவா? முதல்ல நின்னவன் யாருன்னு ஒருத்தருக்குமா தெரியாது?

— எனக்கு நேரமாச்சு.

— ஏன் உங்க காது சிவக்குது?

— வெயில்.

— வீட்டுக்குள்ளயா?

— நான்தான்.

— என்ன நான்தான்?

— முதல்ல நின்னது.

— நீங்களா! எதுக்கு?

— ஃபைல் மறைச்சுது. அப்ப நான் புகார் செக்‌ஷன்ல இருந்தேன். மேசை மேல கழுத்து வரைக்கும் ஃபைல். உட்கார்ந்தா எதிர் பில்டிங் தெரியாது.

— எதிர் பில்டிங்ல என்ன... இருங்க. அங்க பல் டாக்டர் க்ளினிக்தானே இருந்துச்சு? நான் வேலை பாத்த க்ளினிக்?

— ரிசப்ஷன்ல இருந்த பொண்ணு ஜன்னல்கிட்ட வருவா. அங்க ஒரு பூந்தொட்டி. அதுக்குத் தண்ணி ஊத்துவா. பதினொண்ணு பத்துக்கு, டாண்ணு.

— அடப்பாவி மனுஷா!

— ரெண்டு நாள் தனியா நின்னேன். மூணாவது நாள் பழைய மேனேஜர் ரூமை விட்டு வெளிய வந்தார். என் முகம் ரொம்ப உருக்கமா இருந்திருக்கும்போல. யாருக்கோ அஞ்சலின்னு நினைச்சு, அவரும் தலையைக் குனிஞ்சு நின்னுட்டார். அவர் நின்னா கேஷியர் உட்கார்ந்திருப்பாரா?

— அப்பவே சொல்லியிருக்கலாமே!

— என்னன்னு? "பொண்ணு பாக்கிறேன் சார், நீங்க உட்காருங்க"ன்னா?

— சரி, கல்யாணம் ஆச்சு. நானும் வேலையை விட்டுட்டேன். அதுக்கப்புறம் யாரைப் பாக்க நின்னீங்க?

— நிக்கலை. நிம்மதியா உட்கார்ந்தேன். பழைய மேனேஜர் முறைச்சார். "புதுமாப்பிள்ளைன்னா வழக்கம் மறந்துடுமா?"ன்னார். எழுந்துட்டேன்.

— பதினோரு வருஷமாவா?

— பதினோரு வருஷமா. மூடின ஜன்னலைப் பாத்துக்கிட்டு.

— இதுக்கு அந்தப் பொண்ணு வேலையை விடணுமா?

— வேண்டாம்தான்... ஆனா வெளிய சொன்னா என் மானம் கப்பலேறிடும்.

— ஒண்ணும் சொல்ல வேண்டாம். இன்னிக்கு அந்த நேரத்துக்கு அவ பக்கத்து நாற்காலியில போய் உட்காருங்க. நீங்க நின்னதைப் பாத்து நின்னவங்கதானே எல்லாரும்?

— எனக்கும் மெமோ குடுப்பாங்க.

— அதுக்கு ஹெட் கிளார்க் கையெழுத்து வேணுமே!

— நீ வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

— உட்காருவீங்களா, மாட்டீங்களா?

— ...உட்காருறேன். மேனேஜர் கேட்டா உண்மையையும் சொல்லிடறேன். சிரிச்சா சிரிக்கட்டும். அந்தப் பாதி மெமோவை இப்படிக் குடு, கிழிச்சுப் போடுறேன்.

— இந்தாங்க. பேனாவும் இந்தாங்க.

— தொடவே இல்லேன்னே?

— அரிசி டப்பாவுக்குள்ள யாரோ போட்டிருந்தாங்க.

— யாரோ!... ஆனா ஒண்ணும்மா, உன்னை நினைச்சாத்தான் சங்கடமா இருக்கு. நீ பாட்டுக்கு வருவே, தலையைக்கூடத் தூக்க மாட்டே, செடிக்குத் தண்ணியை ஊத்திட்டுப் போயிடுவே. எதிர்ல ஒருத்தன் நிக்கிறதே உனக்குத் தெரியாது.

— மேனேஜர்கிட்ட சொல்றப்போ இன்னொண்ணையும் சேத்துச் சொல்லிடுங்க.

— என்ன?

— அந்தத் தொட்டியில செடியே கிடையாதுங்க.