வெள்ளிப் பூச்சுக்கு இருபத்தொரு நிமிடம்

ஒரு அறைக்கு ஒரே ஒரு பவர் பிளக் வைத்து வீடு கட்டியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. நடந்ததை எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள் ஐயா, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். எங்கள் வீட்டுப் பின்னறையில் பவர் பிளக் ஒன்றுதான். எக்ஸ்டென்ஷன் பெட்டி போட்டு இரண்டு மெஷின்களை ஓட்டினால் மெயின் விழுந்துவிடும். வயரிங்கை மாற்றச் சுவர் முழுக்க உடைக்க வேண்டும் என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார்.

அது என் வேலை அறை. பகலில் மூக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறேன். மற்ற நேரத்தில் மாடல் விமானம் செய்கிறேன். போர் விமானங்கள் மட்டும்தான், அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. பதினான்கு வருடமாகச் செய்கிறேன். ஒரு இருக்கைப் பட்டையைக் காகிதத்தில் வெட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனதுண்டு. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பிறகு மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன். இருபத்திரண்டு வருடம் விமானப்படைத் தளத்தில் மெக்கானிக்காக இருந்தவர். அங்கே அவருக்கு டார்ச் என்று பட்டப்பெயர். சட்டைப் பைக்குள் எப்போதும் பேனா அளவில் ஒரு டார்ச் லைட் இருக்கும், எதைப் பார்த்தாலும் அதை அடித்துத்தான் பார்ப்பார். நுரையீரல் கெட்டுப்போய், கல்யாணமும் ஆகாமல், போக வேறு இடமில்லாமல் எங்களிடம் வந்தார். என் மேஜையைச் சுவரோரம் தள்ளிவிட்டு அவர் கட்டிலைப் போட்டோம். நான் முகம் சுளிக்கவில்லை, என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள்.

கட்டிலோடு ஆக்சிஜன் மெஷினும் வந்தது. மூக்கில் குழாய், இருபத்திநாலு மணி நேரமும் ஓட வேண்டும். குழாய் இல்லாமல் ஐந்து நிமிடம் தாங்குவார், அதற்கு மேல் கூடாது என்றார் டாக்டர். என் மனைவி அதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினாள். என் பெயிண்ட் கன்னுக்கும் ஒரு கம்ப்ரஸர் உண்டு. இரண்டுமே காற்றை இழுத்துக் காற்றைக் கொடுக்கிற மெஷின்கள். பிளக் மட்டும் ஒன்று.

சமாளித்தோம். "ரெண்டு நிமிஷம் மச்சான்" என்பேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "அடிங்க மாப்ள, நான் எண்ணிக்கிறேன்" என்பார். சின்னச் சின்ன பாகங்களுக்கு அது போதும். நல்ல மனிதர்தான். இல்லை என்று நான் எங்கும் சொல்லவில்லை.

ஆனால் வாய் சும்மா இருக்காது. நான் செய்து முடித்த எதையும் டார்ச் அடித்துப் பார்த்து, "இந்த இடத்துல இப்படி ஒரு மூடியே கிடையாதே" என்பார். ஒருமுறை, "இந்த பிளேன் மேல கிளம்பினா நேரா உங்க மாமியார் வீட்லதான் போய் இறங்கும்" என்றார். என் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

போன வருடப் போட்டிக்கு அவரைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்தான் தள்ளிக்கொண்டு போனேன். நடுவர் என் மேஜை முன் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மச்சான் டார்ச்சை எடுத்தார். "முன் சக்கரக் கதவு ரெண்டும் இடம் மாறி ஒட்டியிருக்கு மாப்ள. நாங்க இப்படி மாட்டியிருந்தா எங்களைத் தொங்கவிட்டிருப்பாங்க" என்றார். நடுவர் குனிந்து பார்த்தார். எனக்கு இரண்டாம் பரிசு. மச்சான் சொன்னது உண்மை. பொய்யாக இருந்திருந்தால் அன்றே மறந்திருப்பேன்.

இந்த வருடம் அவர் கையாலேயே வேலை பார்த்த ஒரு ஜெட்டை எடுத்தேன். பெயிண்ட் அடிக்காத, வெறும் அலுமினியமாகப் பறந்த பழைய விமானம். அதற்கு முதலில் பளபளக்கும் கறுப்பு அடித்து, மேலே வெள்ளி நிறத்தைப் புகைபோலப் படியவிட வேண்டும். நடுவில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் திட்டு விழும். எத்தனை தேய்த்தாலும் அது போகாது. இரண்டு தடவை அடித்தேன். இரண்டு தடவையும் ஐந்தாவது நிமிடத்தில் மச்சானுக்கு மூச்சு வாங்கியது, நிறுத்திவிட்டு மெஷினைப் போட்டேன். இரண்டு தடவையும் திட்டு விழுந்தது. இரண்டு தடவையும் டார்ச் அடித்து, "திட்டு தெரியுது மாப்ள" என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. மொத்தத்தையும் சுரண்டி எடுத்தேன்.

அறையை மாற்றியிருக்கலாமே என்று கேட்டீர்கள். மாற்றியிருக்கலாம். ஹாலில் ஒரு பிளக் இருக்கிறது. ஆனால் அங்கே தூசு அதிகம்.

அவசரத்துக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் வைத்திருந்தோம். அன்று நான் கடைக்கு லீவு போட்டிருந்தேன். மதியம், அதில் அளவு முள் இறங்கிவிட்டது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பதறிப்போய் வண்டி பிடித்து நிரப்ப எடுத்துப் போனாள். போய் வர இரண்டு மணி நேரம் ஆகும். முள் பாதிக்கு மேல் இருந்தது. அதை இப்போதுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.

அவள் திரும்பி வந்தபோது, கரண்ட் போய்விட்டது, நான் கடைவீதிக்குப் போயிருந்தேன், வந்து பார்த்தால் மச்சான் இப்படி என்றேன். நம்பினாள். டாக்டரும் நம்பினார். அவள் அழுத அழுகையில் எனக்கும் கண் கலங்கியது, அது நடிப்பு இல்லை.

பதினெட்டு நாள் கழித்துப் போட்டி. முதல் பரிசு வாங்கினேன். எங்கள் போட்டியில் ஒரு வழக்கம் உண்டு. மாடலுக்குப் பக்கத்தில் அதன் வேலைக் குறிப்பேட்டை வைக்க வேண்டும். எந்த நாள், எந்த பெயிண்ட், எத்தனை அழுத்தம், எத்தனை மணிக்கு ஆரம்பித்து எப்போது முடித்தோம், எல்லாம் அதில் இருக்கும். அண்ணன் வேலை பார்த்த விமானம் என்று என் மனைவி பார்க்க வந்தாள். எல்லோரையும் போலக் குறிப்பேட்டைப் புரட்டினாள். அண்ணன் போன தேதி இருந்த பக்கத்தில் விரலை வைத்தாள்.

"ரெண்டு பத்துலேருந்து ரெண்டு முப்பத்தொண்ணு வரைக்கும், நிறுத்தாம ஒரே பூச்சுன்னு எழுதியிருக்கீங்க" என்றாள்.

"ஆமா."

"அன்னைக்குத்தானே கரண்ட் இல்லைன்னு சொன்னீங்க."

"குறிப்பேட்டுல பொய் எழுதக் கூடாதும்மா" என்றேன்.

யோசித்துச் சொன்ன பதில் இல்லை. பதினான்கு வருடப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அவள் குறிப்பேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்தாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அந்த இருபத்தொரு நிமிடத்தை எழுதச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன்.

முதலில் ஆக்சிஜன் மெஷினை அதன் சுவிட்சில் நிறுத்தினேன். நேராகப் பிளக்கைப் பிடுங்கினால் அது வீல் என்று கத்தும். சத்தத்தில் கை நடுங்கும். பிறகு பிளக்கைக் கழற்றி என் கம்ப்ரஸரை மாட்டினேன். பெயிண்ட் நெடி அவருக்கு ஆகாது என்பதால், தூசு வரும் என்று தெரிந்தும் ஜன்னலைத் திறந்து வைத்தேன். வழக்கம்போல அவர் கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷமா மாப்ள?" என்றார். "இல்ல மச்சான், கொஞ்சம் கூட ஆகும்" என்றேன். நான் அவரிடமும் பொய் சொல்லவில்லை.

ஐந்தாவது நிமிடத்தில் "மாப்ள" என்றார். எட்டாவது நிமிடத்தில் கட்டிலை இரண்டு முறை தட்டினார். அதன் பிறகு தட்டவில்லை. வெள்ளி நன்றாகப் படிந்துகொண்டிருந்தது. சாவார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். சுவரில் எழுதி ஒட்டியிருந்தது ஐயா, எனக்குப் படிக்கத் தெரியும். மெஷினை நிறுத்தியது நான். திரும்பப் போடாமல் இருந்ததும் நான்தான். முடித்த பிறகு, பெயிண்ட் உறைந்தால் ஊசி அடைத்துக்கொள்ளும் என்று கன்னைக் கழுவினேன். அதற்கு ஏழு நிமிடம். பிறகு ஆக்சிஜன் மெஷினை மாட்டிப் போட்டேன். நன்றாகத்தான் ஓடியது.

இன்னும் ஒன்று. பன்னிரண்டாவது நிமிடம் இருக்கும், அவர் கையைத் தூக்கினார். விரல் என் பக்கம் நீண்டிருந்தது. நீங்கள் இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினால், உதவிக்குக் கூப்பிட்டார் என்பாள். அப்படி இல்லை. நான் உடனே விமானத்தைத் திருப்பிப் பார்த்தேன். இடது இறக்கை உடம்போடு சேருகிற இடத்தில் கறுப்பு கொஞ்சம் தெரிந்தது, அதைத்தான் காட்டியிருக்கிறார். அந்த இடத்தில் இன்னும் இரண்டு தடவை அடித்து, அவருக்குத் தெரிகிற மாதிரி தூக்கிப் பிடித்தேன். அவர் ஒரு குறையும் சொல்லவில்லை.