மூலை நசுங்கிய கவர்

உங்கள் மேஜையில் இருக்கும் ஃபோனையும் என் ஃபோனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எது யாருடையது என்று சொல்வது கஷ்டம், சார். கம்பெனி வேறு, விலை வேறு, பார்க்க மட்டும் ஒன்றுபோல. நீங்கள் சித்தூர்க்காரர், தமிழிலேயே சொல் என்றீர்கள். அது எனக்குச் சௌகரியம். அதனால் ஃபோனிலிருந்தே தொடங்குகிறேன்.

என் பெயர் கபீர். மட்டாஞ்சேரி பஜாரில் ஃபோன் கவர் மொத்த வியாபாரம். எதிர்க்கடையில் ஷாபாஸ் ஃபோன் ரிப்பேர் செய்துகொண்டிருந்தான். என் தங்கை முஹ்சினாவின் புருஷன். சாயா குடிக்கும்போதெல்லாம் எங்களுக்குள் ஒரே வழக்குதான். ஒருத்தனைப் பார்த்து ஒருத்தன் காப்பி அடித்துத்தான் எல்லா ஃபோனும் இப்படி ஆகிவிட்டது என்பேன் நான். அவன் ஒத்துக்கொள்ள மாட்டான். கட்டைவிரல் எட்ட வேண்டும், பாக்கெட்டில் நுழைய வேண்டும், படமும் பெரிதாகத் தெரிய வேண்டும் என்றால் யார் செய்தாலும் இந்தப் பலகைதான் வரும் என்பான்.

"அவசியத்துக்கு ஒரு முகம்தான் மச்சான். தப்புக்குத்தான் ஆளுக்கொரு முகம்" என்பான். அவன் நல்ல பையன். செத்தவனைப் பற்றிக் கடமைக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள்.

இங்கே மீன்பிடிக்கப் போகிறவர்கள் ஃபோனை இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு, தொப்பிக்குள் செருகிக்கொண்டு கடலில் இறங்குவார்கள். வள்ளம் கவிழ்ந்தால் முதலில் சாவது அந்த ஃபோன். ஷாபாஸ் அதற்கு ஒரு கவர் செய்தான். தண்ணீரில் மிதக்கும், உள்ளே நனையாது. ஈரக் கைக்குத் திரை வேலை செய்யாது என்பதால், பக்கத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் ஒரே ஒரு நம்பருக்குக் கால் போகிற மாதிரி ஃபோனில் ஏற்பாடும் செய்தான். அவனுடைய ஃபோனில் அந்த நம்பர் என்னுடையது. படகுத்துறைப் படியில் குனிந்து ஃபோனைத் தண்ணீரில் முக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டுப் பார்ப்பான். வேறு யார் நம்பரையும் வைக்க அவனுக்குத் தோன்றவில்லை.

நான் அதில் ஒரு கவரை எடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பி அச்சு செய்யச் சொன்னேன். அவன் கையால் ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருந்தான். நான் பெட்டி பெட்டியாக இறக்கினேன், விலையும் குறைத்தேன். கடலுக்குப் போகிறவர்களுக்கு அது நல்லதுதானே, சார்.

பெட்டி வந்திறங்கிய அன்று ஷாபாஸ் என் கடைக்கு வந்தான். அவன் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நீதானே சொல்லுவே, அவசியத்துக்கு ஒரு முகம்தான்னு. மிதக்கணும், நனையக் கூடாதுன்னா யார் செஞ்சாலும் இதானே வரும்" என்றேன். வருஷக்கணக்காக அவனோடு மல்லுக்கட்டியவன் ஒரே நிமிஷத்தில் அவன் கட்சிக்கு மாறிவிட்டேன்.

அவன் என் பெட்டியிலிருந்து ஒரு கவரை எடுத்து இடது மூலையைத் தடவினான். அங்கே லேசான நசுங்கல். முஹ்சினா மாடிப்படியில் கைதவறிப் போட்ட பழைய ஃபோனை வைத்துத்தான் அவன் முதல் அச்சு எடுத்திருந்தான். அதன் நசுங்கின மூலை கவரிலும் பதிந்துவிட்டது. எனக்கு அது தெரியாது. அதுவும் ஏதோ காரணத்துக்காகத்தான் இருக்கும் என்று நினைத்து அப்படியே செய்யச் சொல்லியிருந்தேன்.

"இது யாருக்கு மச்சான் அவசியம்?" என்று கேட்டான். சத்தம்கூடப் போடவில்லை. "வெள்ளிக்கிழமை ஜும்ஆ கழிஞ்சு கமிட்டியில நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லா இருக்காது."

எங்கள் ராவுத்தர் குடும்பங்களில் வியாபாரத் தகராறு எதுவானாலும் பள்ளிவாசல் கமிட்டியில்தான் தீரும். போலீசுக்கு வர மாட்டோம், மன்னியுங்கள். ஆனால் அங்கே கள்ளன் என்று பேர் விழுந்துவிட்டால் அப்புறம் ஒரு வீட்டுப் படி ஏற முடியாது. என் மகள் ரஃபீனாவுக்கு அப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். தங்கச்சி புருஷன் வீட்டிலேயே கை வைத்தவன் என்றால் யார் பெண் எடுப்பார்கள்? அவன் எனக்கு வழி விட்டுத்தான் பேசினான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை அவன் மீன்பிடிக்கிற செல்லப்பாவின் வள்ளத்தில் போனான். வள்ளக்காரர் சங்கத்தில் காட்டுவதற்கு முன் கடலிலேயே ஒருமுறை முக்கிப் பார்த்துவிட வேண்டும் என்று ஆசை. காயல் கடலோடு சேருகிற அழிமுகத்தைத் தாண்டியதும், வல்லார்பாடம் துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் கப்பலின் அலை வள்ளத்தைப் புரட்டிவிட்டது. செல்லப்பா ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு தனியாக ஒதுங்கிப்போனான். பொழுது சாயும்போது வேறு வள்ளம் அவனைத் தூக்கியது. ஷாபாஸ் மறுநாள் வைப்பின் கரையில் கிடைத்தான். கமிட்டி கூட வேண்டிய அந்த வெள்ளிக்கிழமையே அவன் அடக்கமும் முடிந்துவிட்டது. மய்யித்தைக் குளிப்பாட்டும்போது நானும் நின்றேன். அழுதேன், சார். அது நடிப்பு இல்லை.

அவர் ஏன் கூப்பிடவில்லை என்று முஹ்சினா கேட்டபோது, கவருக்குள் தண்ணீர் போய் ஃபோன் செத்திருக்கும் என்றேன். பஜாரிலும் அதையே சொன்னேன். பிறகு மூலையை மட்டும் சரிசெய்து புது அச்சுப் போட்டு, இது வேறு டிசைன், இதை நம்பலாம் என்று விற்றேன். நன்றாகவே போனது. தன் புருஷன் கையால் செய்த சாமான்தான் அவனைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு அவள் நாலு மாதம் பத்து நாள் வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்தாள். நான் அடிக்கடி போய் ஆறுதல் சொன்னேன்.

இத்தா முடிந்ததும் முதல் காரியமாக, வீட்டில் மிச்சமிருந்த கவர்களைப் படகுத்துறையில் கொண்டுபோய்க் கொட்டினாள். மூழ்கித் தொலையட்டும் என்றுதான். அவை மிதந்தன. இரண்டு நாள் கழித்து ஒன்று படியோரம் ஒதுங்கிக் கிடந்திருக்கிறது. எடுத்துப் பிரித்தால், உள்ளே ஷாபாஸ் வைத்திருந்த கடைச் சீட்டு மொறுமொறுவென்று இருந்ததாம். அதைக் கையில் பிடித்தபடியே என் கடைக்கு வந்தாள்.

"அண்ணா, உள்ள ஒரு துள்ளி வெள்ளம் கேறல. அப்போ அவரு ஏன் கூப்பிடல?" என்று கேட்டாள்.

அவளுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் இங்கே வந்தேன்.

அவன் கூப்பிட்டான், சார். முதலில் அடித்தபோது, டெஸ்ட் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். நான் எடுக்காவிட்டால் கவர் தோற்றதாகிவிடும், சங்கம் வாங்காது, கமிட்டியிலும் அவனுக்குப் பேச வாய் இருக்காது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. மறுபடியும். டெஸ்டுக்கு யாரும் இப்படி விடாமல் அடிக்க மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். கடைசியில் எடுத்தேன்.

"மச்சான், வள்ளம் மறிஞ்சுபோச்சு. அழிமுகத்துக்கு வெளியில கிடக்கேன். யாரையாவது அனுப்பு" என்றான். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவது போல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

"ஹலோ, ஹலோ" என்றேன். "ஒண்ணும் கேக்கல ஷாபாஸ். கவருக்குள்ள வெள்ளம் கேறிடுச்சு போல."

அதற்குப் பிறகு ஃபோன் அடிக்கவில்லை. அவன் என்னை நம்பிவிட்டான்.