படுங்கோ என்று கத்தியவள்

நான் நிலத்தில் கிடக்கிறேன். எனக்குக் கீழே ரோஸ்லின். அவள் தலையை என் வலது கையால் மூடியிருக்கிறேன். காதுக்குள் ஒரே இரைச்சல். அடுத்தது விழுவதற்காகக் காத்திருக்கிறேன்.

அடுத்தது விழவில்லை. இது வன்னி இல்லை. மடவளையில் ஒரு கண்ணாடிப் பட்டறை. செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. அலுமாரிக் கதவுக் கண்ணாடிகளில் பூ வேலை செய்வதுதான் எங்கள் பிழைப்பு. வெடித்தது கொம்பிரசரின் காற்றுக் குழாய். ஒரே ஒரு சத்தம். டப் என்று. எனக்கு அது போதும். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் என் உடம்புக்கு மட்டும் யாரும் அதைச் சொல்லவில்லை.

"வெளிய ஓடுங்க!" முதலாளி கத்தினார்.

"படுங்கோ! நிலத்தில படுங்கோ!" நான் கத்தினேன்.

எங்களோடு வேலை செய்த மற்ற இரண்டு பேரும் முதலாளி சொன்னதைக் கேட்டார்கள். தப்பினார்கள். ரோஸ்லினும் ஓடத்தான் பார்த்தாள். நான்தான் அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். குப்புறத் தள்ளி மேலே விழுந்தேன். வன்னியில் ஷெல் விழும்போது, பங்கர் இல்லாத இடத்தில் நாங்கள் அப்படித்தான் செய்தோம். பக்கத்தில் நிற்பவரை அமுக்கி, மேலே படுத்துக்கொள்வோம்.

துள்ளிய குழாய் தட்டிலிருந்த கேனைத் தள்ளிவிட்டிருந்தது. கண்ணாடியை அரிக்கிற அசிட். தரையெல்லாம் அது. ரோஸ்லின் அதற்குள் கிடந்தாள். நெஞ்சு, வயிறு, தொடை எல்லாம் நனைந்துவிட்டன. எனக்கு இடது கை மட்டும்.

எழுந்தோம். அவள் சிரித்தாள். பன்விலத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள், எதற்கும் சிரிப்பாள்.

"என்னக்கா, சட்டி உருண்டாலும் படுத்துருவீங்க போல. இன்னைக்கி என்னையும் சேத்துல்ல படுக்க வச்சிட்டீங்க!"

இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். மாற்ற வேறு உடுப்பு இல்லை. ஈரத்தோடேயே நின்றாள். தோல் லேசாகச் சிவந்திருந்தது. கொப்புளம் ஒன்றுகூட இல்லை. பதினொன்றரைக்குப் பிளேன்டீ குடித்தோம். நல்லவேளை என்றுகூடச் சொல்லிக்கொண்டோம். எவ்வளவு மடைச்சிகள் நாங்கள்.

பன்னிரண்டு பத்துக்கு நோவு தொடங்கியது.

"எலும்புக்குள்ள கடிக்கிற மாதிரி இருக்குக்கா."

என் விரல்களும் அப்படியே. முதலாளி எங்களைத் தன் வான் வண்டியில் ஏற்றினார். பேராதனை ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். வழியில் அவள் விரல்கள் தாமாக மடங்குகின்றன. நீவி விடுகிறேன். விரிக்க முடியவில்லை. "புள்ள ஸ்கூல் விட்டு வந்துரும், நான் வீட்டுல இருக்கணும்" என்கிறாள். திரும்பத் திரும்ப அதையே சொல்கிறாள்.

டொக்டர் தோலைப் பார்க்கும் முன் இதயத் துடிப்பைப் பார்த்தார். இந்த அசிட் தோலோடு நிற்காது என்றார். உள்ளே இறங்கும். இரத்தத்திலுள்ள கல்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அது குறைந்தால் இதயம் தடுமாறும். மேலே தெரிகிற சிவப்பை நம்பக் கூடாது என்றார். ஊசி மேல் ஊசியாகக் கல்சியம் ஏற்றினார்கள். என் கையில் களிம்பு பூசினார்கள். பக்கத்துக் கட்டிலில் அவளுடைய மெஷின் டிக் டிக் என்றது. பிறகு தாறுமாறாக அடித்தது. மூன்று தடவை இதயம் நின்றது. இரண்டு தடவை மீட்டார்கள். மூன்றாம் தடவை முடியவில்லை. அப்போது நேரம் பின்னேரம் நாலு மணி ஐந்து நிமிடம்.

அடக்கத்தன்று அவள் புருஷன் என்னிடம் வந்தான். ஏசப்போகிறான் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"நீங்க காப்பாத்தத்தானே பாத்தீங்க" என்றான்.

இழந்ததைச் சொல்கிறேன். என் இடது கையில் இரண்டு நகங்கள். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாய். வன்னியில் அம்மா, அண்ணா, இரண்டு தங்கச்சிமார். அந்த நாலு பேருக்காகவும் யாரையாவது சபித்துக்கொண்டு இத்தனை காலம் இருந்துவிட்டேன். ஐந்தாவது ரோஸ்லின். வயது முப்பத்தொன்று. அவளைக் கொன்றது நான்.