காதுக்குப் பின்னால் ஒரு திட்டு

– ஆட்டுத்தோலுக்கு ஒரு நியாயம், உங்க தோலுக்கு ஒரு நியாயமா? நில்லுங்க. இந்த வெயில் க்ரீமத் தடவிட்டு அப்பறம் வண்டிய எடுங்க.

– ஏ சர்பு, வழிய விடு புள்ள. கன்னிவாடியில தோலு கெடக்கு. இன்னைக்குத்தான் பக்ரீத் குர்பானிக்குக் கடைசி நாளு. இந்த வெயிலுக்கு உப்புப் போடாம செத்த நேரம் கெடந்தாலும் நாறிப்போகும்.

– நம்ம பைசல அனுப்பலாம்ல? பெத்த மகன் எதுக்கு இருக்கான்?

– அவனுக்குத் தரம் பாக்கத் தெரியாது.

– நீங்க திட்டுனா எப்படித் தெரியும்? ஒத்தத் தோல வெயில்ல போட்டுட்டான்னு அன்னைக்கு மண்டியில என்ன பேச்சு! "ஏலே, தோல நெழல்ல காயப்போடுறா, வெயில் பட்டா வெடச்சு வெறகாப் போயிரும்"னு தெருவே கூடி நின்னு கேட்டுச்சு. ஆயுசு பூரா ஆட்டுக்குப் பாத்த நெழல, ஒரு நா உங்களுக்குப் பாத்திருக்கீங்களா?

– ஆட்டுத்தோலுக்கு வெல இருக்கு.

– உங்களுக்கு இல்லையாக்கும்! சரி, சுக்கூர் பாய் கையால தொட்டாலே தரம் சொல்லிருவாருன்னு ஊரெல்லாம் பேச்சு. இந்தக் கழுத்தத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க, என்ன தரம்?

– ரெண்டாந்தரம்.

– அல்லாவுக்குப் பயந்து சொல்லுங்க.

– சரி, கழிவு. போதுமா?

– மாஷா அல்லா, யாவாரத்துல பொய் சொல்லாத மனுசன்! இந்தாங்க, ருக்சானா சென்னையிலருந்து அனுப்பிருக்கா. மூஞ்சி, காது, பின்கழுத்து, பொறங்கை, ஒண்ணு விடாமப் பூசணுமாம். வேர்த்துச்சுன்னா மறுபடியும் பூசணுமாம்.

– பொம்பளப்புள்ளயப் பெத்தா அத்தாவுக்குப் புதுச்சட்ட வாங்கிக் குடுக்கும்பாய்ங்க. இவ சுண்ணாம்பு அனுப்புறா. இத அப்பிட்டுப் போனா ஒருத்தனும் தோல் குடுக்க மாட்டான். நாடகம் எத்தன மணிக்குன்னு கேப்பான்.

– கேட்டா டிக்கெட்டக் கிழிச்சுக் குடுங்க.

– தலையில தொப்பி போட்டுருக்கேன்ல?

– அது தொழுகைக்குப் போடுறது. காதும் கழுத்தும் பப்பரப்பான்னு வெளிய கெடக்கு. சுத்தி விளிம்பு வச்ச தொப்பி ஒண்ணு வாங்கியாந்தேன். அதுல வைக்கோலப் போட்டுக் கோழிய அடைக்கு வச்சீங்க.

– குஞ்சு பொரிச்சுச்சுல்ல? வீணாவா போச்சு?

– பேச்ச மாத்தாதீங்க. நான் க்ரீமுக்காக மட்டும் மல்லுக்கு நிக்கல. உங்க காதுக்குப் பின்னாடி இருக்கே அந்தக் கறுப்புத் திட்டு, அதப் போயி டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு ரம்ஜான்லருந்து கரடியாக் கத்துறேன். அது பெருசாகிட்டே வருதுங்க.

– மச்சம் புள்ள. எனக்கு யோகம் அடிக்கப் போகுது.

– பேரன் எடுத்த வயசுல மச்சம் மொளைக்குமா? உங்களுக்கு எல்லாமே வெளையாட்டு. கண்ண மூடுனா எனக்கு அந்தத் திட்டுத்தான் தெரியுது.

– ஏ, என்ன இது? அழுகாத சர்பு.

– யாரு அழுகுறா? வேர்வை. அந்தக் காதக் காட்டுங்க, நானே தடவி விடுறேன்.

– கை வைக்காத! அங்க வேணாம்.

– எதுக்கு இம்புட்டுப் பதறுறீங்க? வலிக்குதா?

– வலியெல்லாம் இல்ல. மூஞ்சியில வேணாப் பூசிக்க. கையில பூசு. மாப்பிள்ளைக்குச் சந்தனம் பூசுற மாதிரி ஆசை தீரப் பூசு. காதுப்பக்கம் மட்டும் வராத.

– மொதல்ல வெயில் திங்கிறதே காதத்தான். அத விட்டுட்டு மத்ததுக்கெல்லாம் பூசணுமாம்! ஆமா, அது என்ன சட்ட? முந்தாநாள் பெருநாள் தொழுகைக்குப் போட்ட வெள்ளச் சட்டதான? இதப் போட்டுக்கிட்டா ரத்தமும் உப்புமாத் தோல் தூக்கப் போறீங்க?

– அழுக்கானா தொவைக்க நீ இருக்கியே.

– உப்பு மூட்ட எங்க?

– அங்க வாங்கிக்கிருவேன்.

– வண்டியில கட்டுறதுக்குக் கயிறு கூட இல்ல. என்னங்க, இங்க என்னயப் பாருங்க. உங்களுக்கு எங்கிட்ட பொய் சொல்ல வராது. நெசமா எங்க கெளம்பிட்டீங்க?

– கன்னிவாடிக்குப் பைசல் விடியக்காலையிலயே போயிட்டான் சர்பு. நான் டாக்டரம்மாகிட்டத்தான் போறேன். அந்தத் திட்டு மேல எதையும் பூசாம வரச் சொல்லிருக்காங்க. உனக்குத் தெரியாமப் போயிட்டு வந்துரலாம்னுதான் நெனச்சேன், ஆனா பயமா இருக்கு புள்ள, நீயும் கூட வா.