குக்கரில் மாட்டிய கம்ப்யூட்டர் ஒயர்

"சோறு மட்டுமா வெந்துச்சு? ஒயருமில்ல சேர்ந்து வெந்துச்சு!"

மைசூரு நகரப் பேருந்தில் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்த பெண்மணி தம் கணவரிடம் இவ்வாறு கூறியதைக் கேட்டதும், வாசித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்து வைத்தேன். மின்சாரக் குக்கருக்குப் புதிய ஒயர் வாங்க அவர்கள் கடைவீதிக்குச் சென்றுகொண்டிருந்தனர்.

"கம்ப்யூட்டர் ஒயர் அதுல கச்சிதமாப் பொருந்துச்சே," என்றார் கணவர்.

"பொருந்தினாப் போதுங்களா? குக்கர் இழுக்கிற கரண்ட்டை அந்த மெல்லிசு ஒயர் தாங்க வேண்டாமா? கொள்ளேகால்ல எங்கண்ணன்கூட அன்னைக்கே சொன்னாரு."

"உங்கண்ணன் பட்டு நெய்யறவரு. இருபது வருசமா வீடு வீடா வயரிங் பண்றவன் நானு."

"சரிங்க வயரிங்காரரே, அந்த ஒயரைக் கழட்டி வெச்சிட்டுத்தானே வந்தீங்க?"

"நீ கழட்டியிருப்பேன்னு நெனச்சேன்."

"ஐயோ, அத்தை இந்நேரம் சோறு வெச்சிருப்பாங்களே! போனைப் போடுங்க!"

கைப்பேசியில் கணவருடைய தாயாரின் குரல் பேருந்து முழுவதும் ஒலித்தது.

"குக்கரைப் போட்டதும் குப்புன்னு பொகைஞ்சு, வீட்டுல கரண்ட்டே போச்சு கண்ணு. எனக்கொண்ணும் ஆகல. வரும்போது நல்ல எலக்ட்ரீசியன் ஒருத்தரைப் பாத்துக் கூட்டிட்டு வா."