ட்சுமி என்று சொல்லுமுன்

வெந்நீரில் சூடு போதவில்லை என்று வாரம் தவறாமல் என்னைத் திட்டிவிட்டு, மறுவாரமும் முதல் ஆளாக வந்து நிற்கும் தெருச்சங்கத் தலைவர் இகாராஷி அவர்களே! என் குளியல்கூடத்தில் முதுகு தேய்த்தே மூத்துவிட்ட பெரியோர்களே! இடுப்புப் பிள்ளையோடும் ஈரத் தலையோடும் என் வாசலைக் கடந்த தாய்மார்களே! உங்கள் குராமோச்சியின் பணிவான வணக்கம்.

கூட்டம் எதற்கென்று உங்களுக்குத் தெரியும். கொதிகலன் கிழடாகிவிட்டது. அதற்கு விறகு தள்ளிய என் இடுப்பும் அப்படியே. குளியல்கூடத்தை மூடுகிறேன் என்ற அறிவிப்பு, இதோ, சட்டைப் பையில் இருக்கிறது. படிக்கத்தான் வந்தேன். அதற்கு முன் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விடுங்கள்.

ட்சுமி! நம் சதுரங்கமான ஷோகிப் பலகையில் நாம் சொல்லும் சொல். ராஜாவை எதிரி வளைத்துவிட்டான்; தடுக்க ஒரு காய் இல்லை, ஒதுங்க ஒரு கட்டம் இல்லை. அதுதான் ட்சுமி. இன்று அந்தச் சொல் நம் வாயில் என்ன பாடுபடுகிறது! பேருந்து போய்விட்டதா? ட்சுமி! சோறு குழைந்துவிட்டதா? ட்சுமி! கொதிகலன் இருமுகிறதா? ட்சுமி! ஆமாம், கடைசியாகச் சொன்னவன் நான்தான். சிரியுங்கள், சிரியுங்கள்.

போன ஞாயிறு மதியம் மீன்கடை நோசாகி அம்மையாரோடு ஆடினேன். டக்கென்று ஒரு காயை என் ராஜா முன்னால் வைத்தார். பார்த்தேன், வியர்த்தேன், தலை குனிந்து, "தோத்துட்டேன்" என்றேன்.

"யோவ் குராமோச்சி, என்னய்யா அவசரம்? அடுப்புல பால் பொங்குதா?" என்றார்.

ஆட்டம் முடிந்தால் வென்றவரும் தோற்றவரும் காய்களைப் பழையபடி அடுக்கி, எங்கே பிசகியது என்று சேர்ந்து தேடுவது நம் வழக்கமல்லவா? அடுக்கினோம்.

"பின்னாடி பாரு. ராஜாவுக்கு ஒரு கட்டம் காலியாக் கெடக்கு."

ஐயோ! இருந்தது! "அப்ப தொடர்ந்து ஆடலாமாம்மா?" என்றேன்.

"ஆசையப் பாரு! வாயால தோத்தேன்னு சொன்னா சொன்னதுதான்."

ஏன் எனக்குத் தெரியவில்லை? பின்வாங்குவது கேவலம் என்று நினைப்பவன் பின்னால் எங்கே பார்க்கப்போகிறான்? வீட்டுக்குப் போய் என் பிழைப்பையும் அப்படியே அடுக்கிப் பார்த்தேன். அப்பா வாரம் ஏழு நாளும் திறந்தார். ஒரு நாள் குறைந்தாலும் அவமானம் என்று இருந்துவிட்டேன். மூன்று நாள் மட்டும் திறந்தால்? கொதிகலன் தாங்கும். விறகு தள்ளத்தான் இந்த இடுப்பு தாங்காது.

"அப்ப பையில இருக்குற பேப்பர் என்னய்யா ஆவுது?" என்று தலைவர் கேட்கிறார். சொல்கிறேன் ஐயா.

ட்சுமியா இல்லையா என்பதைப் பலகை சொல்லும். தோற்றேன் என்பதை மட்டும் மனிதன் தன் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் திரும்பாது! ராஜாவுக்கு இடமிருந்தும் தோற்றவன் நான். அந்த வெட்கம் ஒரு முறை போதும், பெரியோர்களே, ஒரு முறை போதும்! இந்தத் தாளை நான் படிக்கப்போவதில்லை. செவ்வாய், வியாழன், சனி. விறகு தள்ள மூன்று பேர் வேண்டும். வருவீர்களா?

அதோ, நோசாகி அம்மையார் எழுந்துவிட்டார்!

"கத்தாதய்யா, செவ்வாக்கெழம நான் வரேன். மீன் வாடை அடிக்குதுன்னு எவனாச்சும் சொன்னீங்க, தொலைச்சிருவேன்!"

இன்னும் இரண்டு கை வேண்டும். தலைவரே, உங்கள் கை பாதியில் நிற்கிறது, முழுதாகத் தூக்குங்கள்! சூடு போதவில்லை என்றால் இனி உங்களையே திட்டிக்கொள்ளலாம். எல்லோருக்கும் என் நன்றி. செவ்வாய்க்கிழமை துண்டோடு வாருங்கள். வணக்கம்.