துணி காயாத மொட்டைமாடி

அந்த நாற்காலி வேண்டாம்மா, அதுக்கு ஒரு கால் ஆட்டம். இப்படி வந்து உட்காரு. அவர் வர இன்னும் நேரமாகும். முடி வெட்டிக்கப் போயிருக்கார். சிரிக்காதே. தலையில இருக்கிறது நாலு முடி, அதுக்கு ஒரு சலூன், அங்க கொண்டுபோய் விட ஒரு கார். புத்தகத்துப் பின்னட்டையில படம் வரப்போகுதில்ல? போர்ல இருந்து பாடம் கத்துக்கிட்டவர் மூஞ்சி எப்படி இருக்கணும்னு காலையில இருந்து கண்ணாடி முன்னால ஒத்திகை நடக்குது. சோகமா இருக்கணும், ஆனா வயித்துவலின்னு யாரும் நினைச்சிடக் கூடாது.

என்ன கேட்டே? ஆமாமா, மனைவியின் பார்வையில் ரெண்டு வார்த்தை. உங்க பதிப்பகத்து ஐயாவும் போன்ல அதைத்தான் சொன்னார். பாதுகாப்பு அமைச்சகத்துல அவ்வளவு பெரிய பதவியில இருந்தவர், ரிட்டயர் ஆனப்புறம் ஊர் ஊராப் போய் நாங்க செஞ்சது தப்புன்னு பேசுறாரே, அவர்கூடக் குடும்பம் நடத்தினவங்களுக்கு எப்படி இருக்கும்னு வாசகர்கள் தெரிஞ்சுக்க ஆசைப்படுவாங்களாம். படட்டும், படட்டும்.

நல்ல மனுஷன்தாம்மா. முதல்ல அதை எழுதிக்கோ. குடி கிடையாது. கை நீட்டினது கிடையாது. ஆபீஸ் பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டுவர மாட்டார், அரசாங்கச் சொத்தாம். அரசாங்க ரகசியத்தை மட்டும் சாப்பாட்டு மேசைக்குக் கொண்டுவருவார். அது சொத்துக் கணக்குல சேராது போல. கெட்டவனைக் கட்டிக்கிட்டிருந்தா எனக்கு வேலை சுலபம், நாலு திட்டுத் திட்டிட்டு என் வழியைப் பார்த்திருப்பேன்.

படிச்சேனாவா? பிழை பார்த்ததே நான்தான். கான்வென்ட் சிஸ்டருங்ககிட்ட ஸ்கேலால அடி வாங்கிப் படிச்ச கண்ணு, ஒரு கால்புள்ளியைத் தப்ப விடாது. எத்தனை பாடம் எழுதியிருக்கார் பார்த்தியா? சந்தேகம் இருந்தால் கையெழுத்திடாதே. சரி. எதிர்க்கருத்துச் சொல்பவரை அருகிலேயே வைத்துக்கொள். அருகிலயா? இந்த வீட்ல எதிர்க்கருத்துச் சொல்றவ கல்யாணமான நாள்ல இருந்து ஒரே மெத்தையில படுத்துக் கிடக்கா. அதுக்கு மேல எப்படிம்மா நெருங்குறது? போட்டுக்கோ, பரவாயில்ல. இதுக்கெல்லாம் அவரே சிரிப்பார்.

அந்தப் பாலத்துப் பக்கத்து வீடுகளைப் பத்தி ஒரு அத்தியாயம் இருக்கே, அதைத்தான் எல்லாக் கூட்டத்துலயும் வாசிக்கிறார். நீ கேட்டிருக்கியா? அழுதியா? அழுவாங்க, எல்லாரும் அழுவாங்க. எந்த இடத்துல? அதானே பார்த்தேன். அந்த வீடுகளில் மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற தகவல் எங்களுக்கு வந்து சேரவேயில்லை. அங்க நிறுத்தித் தண்ணி குடிப்பார். மண்டபமே மூக்கு உறிஞ்சும்.

அந்த வரியை எடுத்துடணும்மா. அதுக்காகத்தான் அவர் இல்லாத நேரமாப் பார்த்து உன்னை வரச்சொன்னேன். அச்சுக்கு என்னிக்குப் போகுது? நாளைக்கா? அப்ப நேரமிருக்கு.

சொல்றேன், அவசரப்படாதே. அவர் துப்பாக்கி தூக்கினவர் இல்ல, அது உனக்கே தெரியும். சண்டை எங்கயோ, இவர் ஃபேனுக்குக் கீழ. விமானத்துல இருந்து எடுத்த படங்க வரும், மேசை அகலத்துக்கு. பூதக்கண்ணாடியை வச்சுக்கிட்டு இந்தக் கட்டடத்துல ஆள் இருக்கு, இதுல இல்லைன்னு இவரோட பிரிவு சொல்லணும். ஆள் இல்லைன்னு இவர் கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் அது தலையில என்ன வேணா விழலாம்.

வானத்துல இருந்து பார்த்தா ஆள் இருக்கிறது எப்படித் தெரியும்? அதுலதான் இவருக்குப் பேரே. மொட்டைமாடியைப் பாருன்னார். துணி காயுதா, குடித்தனம் இருக்கு. கொடி காலியாக் கிடக்கா, இல்ல. மொத்த அமைச்சகமும் ஆஹான்னுச்சு. அந்த யோசனை எங்க பிறந்தது தெரியுமா? இதோ, இந்த மாடியில. ஒருதடவை வெளியூர் போயிட்டுத் திரும்பி வர்றோம், தெருமுனையில இருந்தே அண்ணாந்து பார்த்துட்டு, எல்லா வீட்லயும் துணி ஆடுது, நம்ம வீடு மட்டும் செத்த வீடு மாதிரி நிக்குது பாருன்னார். நான் துவைச்சு, நான் உதறிக் காயப்போட்டு, நான் மடிச்சு வைக்கிற துணி. பாராட்டு அவருக்கு. போகட்டும், அப்ப எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. பக்கத்து வீட்டம்மாகிட்ட சொல்லிக்க முடியலையேன்னுதான் வயிறு உப்பிப்போச்சு.

அப்புறம் வந்தது அந்தப் பாலம். பாலத்தை ஒட்டி வரிசையா மாடி வீடுங்க. சாப்பிட உட்கார்ந்தவர் சொன்னார், அத்தனை கொடியும் காலி, ஜனங்க ஓடிட்டாங்க, காலையில கூட்டத்துல கையெழுத்துப் போட்டுடலாம்னு. நான் பரிமாறிக்கிட்டே கேட்டேன், ஒரு துணிகூடவா இல்லைன்னு. ஒண்ணுகூட இல்லையாம். என்னமோ தானே துடைச்சு வச்ச மாதிரிச் சொன்னார்.

எனக்கு அது ஒட்டலைம்மா. நீயே சொல்லு. குண்டுக்குப் பயந்து பிள்ளையை இடுப்புல இடுக்கிக்கிட்டு ஓடுறவ, நிதானமா மாடிக்கு ஏறி, கொடியில கிடக்கிற கரித்துணி வரைக்கும் உருவிக்கிட்டா ஓடுவா? எதையாவது விட்டுட்டுத்தான் போவா. ஒரு கிழிஞ்ச துண்டாவது வெயில்ல கிடந்து வெளுத்துக்கிட்டிருக்கும். அத்தனை வீட்டுக் கொடியும் வெறிச்சுன்னு கிடக்குன்னா, அது ஓடினவ வேலை இல்ல, உள்ள இருக்கிறவ வேலை. மேல இருந்து என்னத்தைப் பார்க்கிறாங்கன்னு அவங்களுக்கு எப்படியோ தெரிஞ்சுபோச்சு. வீட்டுக்குள்ள கயிறு கட்டிக் காயப்போடுறாங்க. இதைத்தான் சொன்னேன். இப்ப உன்கிட்ட சொல்ற மாதிரியே, இதே வாயால.

கேட்டார். கேட்கலைன்னு நான் சொல்லவேயில்லையே. சோத்துல கை அப்படியே நின்னுபோச்சு. என்னையே பார்த்தார். நீ சொல்றது சரிதான்னார். எங்க குடும்ப வாழ்க்கையில அந்த வார்த்தை வந்தது அது ஒரு தடவைதான். அதனாலதான் எனக்கு மறக்கவேயில்ல.

ஏம்மா ரெக்கார்டரை நிறுத்திட்டே? போடு. உன் வேலைக்கு ஒண்ணும் வராது, பேசுறது நான்தானே.

அப்புறம் என்ன, பாலம் போச்சு, வீடுங்களும் போச்சு. கொஞ்ச நாள் கழிச்சு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைக் கொண்டுவந்து இந்த மேசை மேல போட்டார். பேனாகூடக் கொண்டுவராதவர், அன்னிக்கு ஆபீஸ் பத்திரிகையைக் கொண்டுவந்தார். ஒரு படம். சுவர் ஒரு பக்கமாச் சரிஞ்சு உள் அறை தெரியுது. அறைக்குக் குறுக்கே கயிறு. கயித்துல சின்னச் சின்னச் சட்டைங்க, பாவாடை ஒண்ணு. எல்லாத்துக்கும் கிளிப் மாட்டியிருந்தா. வீடே விழுந்தும் அதுல ஒண்ணுகூடக் கீழ விழலை.

எவளோ ஒருத்தி. எங்கயோ இருந்தவ. அவ என்ன நினைச்சு அப்படிச் செஞ்சாளோ அதை நான் இங்க கரண்டியைக் கையில வச்சுக்கிட்டே கண்டுபிடிச்சேன். அதனால அவளுக்கு என்ன லாபம்? ஒண்ணும் இல்ல.

என்னையும் நீ ரொம்ப உயர்த்தி எழுதிடாதே. காலையில அவர் கிளம்பும்போது, மறக்காம அதைச் சொல்லுங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லலை. சரிதான்னு சொன்னாரே, அந்தச் சந்தோஷத்துலயே இருந்துட்டேன். இப்ப ஒவ்வொரு கூட்டத்துலயும் முதல் வரிசையில யாரு? நான்தான். அவர் தண்ணி குடிக்கிற நேரத்துல குனிஞ்சு கைப்பைக்குள்ள எதையோ தேடுவேன். தேடுறதுக்கு ஒண்ணும் இருக்காது. முடிஞ்சதும் பொம்பளைங்க வந்து கையைப் பிடிச்சுக்குவாங்க. இப்படி உண்மை பேசுற மனுஷன் அமையக் குடுத்து வச்சிருக்கணும்மான்னு சொல்லுவாங்க. ஆமாம்னு சிரிப்பேன். வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுவேன். அவர் பார்த்துக்கிட்டே நிப்பார், ஏன்னு கேட்க மாட்டார்.

அவர்கிட்ட சொல்லாமலா உன்கிட்ட வருவேன்? பிழை பார்க்கும்போதே அந்த வரியைப் பென்சிலால சுழிச்சுக் குடுத்தேன். ரப்பரை எடுத்து என் சுழியை அழிச்சார். இதுல பிழை ஒண்ணும் இல்லையேன்னார். தடமே தெரியாம சுத்தமா அழிச்சார்.

நீ எடுத்துடு. வீட்ல நடக்கப்போற ரகளையை நான் பார்த்துக்கிறேன். உங்க ஐயா ஒத்துக்கலைன்னா அதையும் இப்பவே சொல்லிடு. வெளியீட்டு விழாவுல அவர் அந்த வரியை வாசிச்சா, நான் முதல் வரிசையில இருந்து எழுந்து நிப்பேன். புருஷனைச் சபையில காட்டிக்கொடுத்தவள்னு பேர் வரும். வரட்டும்.

அன்னிக்கு ஆபீஸ் கூட்டத்துல அவர் ஏன் சொல்லலையா? அதை நான் கேட்காம இருப்பேனா? படம் வந்த அன்னிக்கே கேட்டேன். நீ நினைக்கிற மாதிரி இல்லம்மா. யாரும் மிரட்டலை. மேலிடத்து அழுத்தம் கிழுத்தம் ஒண்ணும் கிடையாது, அப்படி ஏதாவது இருந்திருந்தா அதுக்கும் ஒரு பாடம் எழுதியிருப்பாரே. கூட்டத்துல சொல்லணும்னு வாயைத் திறந்திருக்கார். நீளமான மேசை, சுத்தி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு நெஞ்சு நிறைய பதக்கம். இந்தத் தகவல் எங்கிருந்து வந்ததுன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு யோசிச்சாராம். நேத்து சாப்பிடும்போது வீட்ல சொன்னா, துணி துவைக்கிறவளுக்குத்தானே தெரியும்னு அவ்வளவு பேர் முன்னால எப்படிச் சொல்றது? சிரிச்சிடுவாங்களே. திறந்த வாயை மூடிக்கிட்டுக் கையெழுத்தைப் போட்டுட்டார்.

வெக்கமா இருந்துச்சாம்மா அவருக்கு. வேற ஒண்ணுமே இல்ல.